ஓல்தோ சேரின் மனைவி

இந்த ஊரில் முன்பின் தெரியாத பெண்கள் என் மனைவி போட்டிருக்கும் கோட்டைப் புகழ்கிறார்கள். டார்ட்மத்திலிருந்து ஹலிஃபக்ஸுக்குப் போகும் காலைப் படகில் ஏறி உட்கார்ந்து இரண்டு நிமிடம் ஆகாது, எதிரே இருப்பவர் குனிந்து, உங்கள் கோட்டின் நிறம் எவ்வளவு அழகு என்பார். றெஜி நிமிர்ந்து பார்த்துச் சிரித்து, “தாங்க் யூ” என்பாள். அவ்வளவுதான். அந்தப் பெண் மறுபடி தன் கைபேசிக்குள் போய்விடுவார், றெஜி கடலைப் பார்ப்பாள். பக்கத்தில் இருக்கிற எனக்குத்தான் ஏதோ ஒரு வேலை பாதியில் நின்றுவிட்ட மாதிரி இருக்கும். எங்கள் ஊரான திருகோணமலையில் என்றால், இது மலிவு விற்பனையில் எடுத்தது, உள்ளே தையல் விட்டுப்போயிருக்கிறது என்று றெஜி சொல்லியிருக்க வேண்டும். அதற்கு அந்தப் பெண், சும்மா சொல்லாதீர்கள், உங்களுக்கு எதைப் போட்டாலும் எடுப்பாக இருக்கும் என்று சொல்லியிருக்க வேண்டும். படகு கரை சேரும்வரை இரண்டு சுற்றாவது போயிருக்கும். இங்கே கனடாவில் ஒரே சொல்லில் காரியம் முடிந்துவிடுகிறது.

என் கோட்டை யாரும் புகழ்வதில்லை. நானும் அதே படகில்தான் போகிறேன், அதே கடையில்தான் வாங்கினேன். எனக்குப் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இதை வாசிப்பவர்களில் என் பழைய மாணவர்கள் சிலர் இருப்பார்கள். நான் எதையாவது மறைக்கும்போது என் முகம் எப்படிப் போகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஊரில், உட்துறைமுக வீதிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டின் பின்னால் தகரம் வேய்ந்த ஒரு கொட்டில் இருந்தது. அதில் இருபத்தாறு வருடம் ஆங்கிலம் படிப்பித்தேன். கிண்ணியாவிலிருந்து பஸ்ஸிலும், மூதூர், கட்டைபறிச்சான் பக்கமிருந்து படகிலும், கப்பல்துறையிலிருந்து சைக்கிளிலும் பிள்ளைகள் வந்தார்கள். நான் மதில்களில் ஒட்டும் விளம்பரங்களை, அந்த ஊரின் தெருக்களில் திரியும் மான்கள் பசைக்காகத் தின்றுவிடும். தின்ற பிறகும் பிள்ளைகள் உட்காரும் வாங்குகள் நிறைந்துதான் இருந்தன. பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டம் ஓல்தோ சேர். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு கூப்பிட்டார்கள், நானும் தெரியாத மாதிரியே இருந்துகொண்டேன்.

பட்டத்துக்குக் காரணம் உண்டு. ஒன்றை ஒப்புக்கொண்டபடியே அதற்கு மாறான இன்னொன்றைச் சொல்லும் வாக்கியங்களில் நான் கெட்டிக்காரன். மழை பெய்தாலும் ஆட்டம் நடந்தது. ஏழையாக இருந்தாலும் நேர்மையானவன். தமிழில் ஓர் ‘உம்’ போட்டால் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் அதற்கு ஓல்தோ, ஈவின் தோ, டெஸ்பைட், இன் ஸ்பைட் ஒஃப் என்று ஒரு குடும்பமே இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் முன்னால் ஒரு ஓல்தோவையும் நடுவில் ஒரு ‘பட்’ என்ற சொல்லையும் சேர்த்தே போடுவார்கள். ஒரு கதவுக்கு எத்தனை பூட்டடா என்று அடிமட்டத்தால் மேசையில் தட்டுவேன். பிறகு இரண்டு கையையும் நீட்டி விளக்குவேன். இந்த வாக்கியத்துக்கு இரண்டு கை. ஒரு கையால் விட்டுக்கொடுக்கிறாய், மற்றக் கையால் பிடித்துக்கொள்கிறாய். கேட்கிறவன் நீ பிடித்துக்கொண்டதைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவான். ஆகவே எதை எந்தக் கையில் வைக்கிறாய் என்று யோசித்து வை. இதை எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொன்னேனோ தெரியாது.

றெஜி அந்தக் கொட்டிலுக்கும் குசினிக்கும் இடையிலிருந்த பலகைச் சுவருக்கு மறுபக்கம் இருந்தாள். பத்தாம் வகுப்போடு நின்றவள். சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலம் அவளுக்கு வரவில்லை. ஆனால் அவளுடைய தகப்பன் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவர். வெளிநாட்டுக் கப்பல்காரரோடு கத்திக் கதைத்துப் பழகிய அவருடைய ஆங்கிலத்தில் வினைச்சொல்லுக்குக் காலமும் கிடையாது, வாக்கியத்துக்குத் தலைவாலும் கிடையாது. சொல்ல வந்தது மட்டும் போய்ச் சேர்ந்துவிடும். றெஜிக்கும் அந்த ஆங்கிலம்தான். மாமா உயிரோடிருந்த காலத்தில் இரண்டு பேரையும் வைத்து நான் பகிடி பண்ணாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. அவள் வெட்கப்பட்டுச் சிரிப்பாள், எனக்குச் சோற்றில் இன்னும் கொஞ்சம் குழம்பு விடுவாள்.

எங்கள் மகள் ஜெனிற்றா இங்கே ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறாள். அவள் கூப்பிட்டுத்தான் வந்தோம். இரண்டு குளிர்காலம் போய்விட்டது. வந்த புதிதில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு மனிதர், கையில் பனி வாரும் மண்வெட்டியோடு, உங்கள் மகள் எவ்வளவு அருமையான பிள்ளை என்றார். நான் ஊரில் சொல்வதைப் போலவே சொன்னேன்: எங்கே, சரியான சோம்பேறி, காலையில் எழுப்புவதே பெரும்பாடு. அவர் முகம் மாறியது. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். இரண்டு நாள் கழித்து அவருடைய மனைவி ஜெனிற்றாவைத் தனியாகப் பிடித்து, வீட்டில் எல்லாம் நலமா, அப்பாவோடு ஏதும் பிரச்சினையா என்று விசாரித்திருக்கிறார். பிள்ளை வந்து என்னை இருத்தி வைத்து, “அப்பா, இஞ்ச அப்பிடிச் சொல்லாதேங்கோ. சொன்னா நம்புவினம்” என்றாள். எனக்கு விளங்கியது. நன்றாகவே விளங்கியது. கீழே நான் சொல்லப்போவதில் இது முக்கியம்.

கிழமையில் மூன்று நாள் நானும் றெஜியும் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்புக்குப் போகிறோம். எனக்கு அது தேவையில்லை என்று ஜெனிற்றாவிடம் வாதாடிப் பார்த்தேன். பேச்சுப் பழக்கம் வேண்டும் அப்பா என்று முடித்துவிட்டாள். வகுப்பை நடத்துகிறவர் லின்டா என்ற பெண், ஐம்பது வயது, காலில் எப்போதும் சேறு பட்ட சப்பாத்து. ஒருநாள் பலகையில் ஓல்தோ என்று எழுதினார். என் நெஞ்சு நிமிர்ந்ததை நானே உணர்ந்தேன். யாருக்காவது இன்னொரு சொல் தெரியுமா என்று கேட்டார். நான் எழுந்து நின்று, நொட்வித்ஸ்டாண்டிங் என்றேன். லின்டா கண்ணை விரித்து, ஆகா என்றார். பிறகு, அதை இப்போது வக்கீல்மார் மட்டும்தான் பாவிக்கிறார்கள், நீங்கள் உட்கார்ந்தே பேசலாம் என்றார். யாரும் கெடுதலாகச் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

அடுத்து, இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து சொந்த வாழ்க்கையிலிருந்து வாக்கியம் சொல்லச் சொன்னார். எனக்கு வாய்த்தவர் எரித்திரியாவிலிருந்து வந்த மனிதர், பேசாமல் இருப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரர். நான் நாலு வாக்கியம் பிழையில்லாமல் சொன்னேன். அவர் தலையாட்டினார். அந்தப் பக்கம் றெஜியும் சிரியாக்காரப் பெண் ஒருத்தியும் கையைப் பிடித்துக்கொண்டு கதைத்தார்கள். எங்கள் ஊரில் கடல் பொங்கிய அன்று தகப்பனின் படகு திரும்பி வராமல் இருந்து, மறுநாள் வந்த கதையை றெஜி சொல்லிக்கொண்டிருந்தாள். ஓல்தோவும் போட்டாள், பட்டும் போட்டாள், ஒரே கதவுக்கு மூன்று பூட்டுப் போட்டாள். சிரியாக்காரியின் கண்ணில் தண்ணீர். லின்டா பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு பிழையைக்கூடத் திருத்தவில்லை. முப்பத்தொரு வருடம் இவளோடு குடித்தனம் நடத்திய எனக்கு அந்தக் கதையை இவள் இவ்வளவு முழுதாகச் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. என் வயிறு எரிந்ததை வேறு எப்படிச் சொல்வது?

அந்தக் குளிர்காலத்தின் கடைசியில் வகுப்பில் ஒரு செய்தி உலாவியது. புதிதாக வந்து சேர்கிறவர்களை வரவேற்று, படிவம் நிரப்ப உதவி, முதல் சில கிழமை கூடவே இருந்து பேச்சுக் கொடுக்க ஓர் உதவியாளர் வேண்டும். சம்பளத்தோடு, கிழமைக்குச் சில மணித்தியாலம். எனக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். கொட்டிலை விட்டு வந்த நாளிலிருந்து என்னை யாரும் சேர் என்று கூப்பிடவில்லை. அந்தக் கொட்டிலில் இப்போது என் பழைய மாணவன், கிண்ணியா நஸீர், படிப்பிக்கிறான். பிள்ளைகள் நிறைந்த வாங்குகளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவான், நான் வாழ்த்து அனுப்பிவிட்டு அன்று முழுவதும் ஒருவரோடும் முகங்கொடுத்துக் கதைக்க மாட்டேன். இதையும் நஸீர் வாசிக்கட்டும். றெஜியும் அந்த வேலையைப் பற்றி ஒருமுறை கதைத்தாள். தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, இப்படியொரு வேலை கிடைத்தால் எவ்வளவு நல்லது, கலியாணத்துக்குப் பிறகு வீட்டுக்கு வெளியே எனக்கென்று ஒரு வேலை இருந்ததே இல்லை என்றாள். பகல் முழுவதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது என்றாள். நான் தலையாட்டி ஓம் என்றேன். அவள் தன்னை நினைத்துச் சொல்கிறாள் என்பதைக் காதில் விழுத்தவில்லை.

ஒரு வியாழக்கிழமை, கோப்பி குடிக்கும் இடைவேளையில் லின்டா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். கையில் ஒரு சின்னக் கொப்பி. வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு போனேன். அவர் குரலைத் தாழ்த்தி, அந்த வேலையை றெஜினாவிடம் கேட்கலாம் என்று இருக்கிறோம், அவருக்குச் சம்மதமாக இருக்குமா, அவர் சமாளிப்பாரா, உங்களுக்குத்தானே அவரை நன்றாகத் தெரியும், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்றார்.

ஊர்க்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எங்களிடத்தில் மனைவியை ஒருவர் புகழ்ந்தால் புருஷன் அதை அப்படியே வாங்கிக்கொள்வதில்லை. கண்ணூறு ஒரு பக்கம், தற்பெருமை என்ற பேச்சு ஒரு பக்கம். எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில் திருநாளுக்கு றெஜி பீடம் சோடித்த வருடம் பங்குச் சுவாமி எல்லோருக்கும் முன்னால் அவளைப் பாராட்டினார். அவளுக்கு அது ஒன்றுதான் தெரியும் சுவாமி, வீட்டுக்கு வந்து பாருங்கள், போட்டது போட்டபடி கிடக்கும் என்றேன் நான். சுவாமி உடனே, “சும்மா இருங்கோ சேர், றெஜியம்மா இல்லாட்டி இந்தக் கோயில் நடவாது” என்றார். சுற்றி நின்ற பெண்களும் ஆளுக்கொரு சொல் சொன்னார்கள். றெஜி நிலத்தைப் பார்த்தபடி சிரித்தாள். இப்படி ஒருவர் தாழ்த்த மற்றவர் உயர்த்துவதுதான் முறை. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்தால்தான் ஒரு வாங்கு தூக்குப்படும்.

லின்டாவிடம் நான் சொன்னேன். ஆறுதலாக, ஒரு பிழையில்லாமல் சொன்னேன். ஓல்தோ றெஜினா எல்லோரோடும் அன்பாகப் பழகுவார், அவர் பத்தாம் வகுப்புவரைதான் படித்தவர், ஆங்கிலத்தில் சித்தியடையவில்லை, எழுத்து வேலை அவருக்கு மிகவும் கஷ்டம். அன்பை விட்டுக்கொடுத்த கையில் வைத்தேன். கஷ்டத்தைப் பிடித்த கையில் வைத்தேன்.

லின்டா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவாமியைப் போல, சும்மா இருங்கோ சேர் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்று எழுதினால் நீங்கள் நம்பக்கூடும். வழக்கதோஷம், பாவம் மனிதர் என்று மன்னித்தும் விடுவீர்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் முகம் மாறியதை நான் பார்த்தவன். சொன்னால் நம்புவினம் என்று என் பிள்ளை எனக்குப் படிப்பித்தாயிற்று. லின்டா கொப்பியில் எதையோ எழுதினார். நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி என்றார். அப்போதுகூட இன்னொரு வாக்கியம் சொல்ல நேரம் இருந்தது. நான் கோப்பியைக் குடித்தேன்.

அடுத்த கிழமை வேலை ஒரு கொலம்பியாக்கார வாலிபனுக்குப் போனது. வகுப்பில் அறிவித்தபோது றெஜி எல்லோரையும்விட நீட்டிக் கைதட்டினாள். எனக்கும் கிடைக்கவில்லை, அவளுக்கும் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு ஒரு கேடுகெட்ட நிம்மதி. வைக்கோல் போரில் படுத்த நாயின் கதைதான். வகுப்பு முடிந்து, லின்டா அவளை ஒரு ஓரமாக அழைத்துப் போய் ஏதோ கதைத்தார். திரும்பும் படகில் றெஜி தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். அன்றும் யாரோ ஒருத்தி அவளுடைய கோட்டைப் புகழ்ந்தாள். றெஜிக்கு அது கேட்கவில்லை. நான்தான் அவளுக்காகத் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றாமலே குசினிக்குள் போய் நின்றாள்.

“லின்டாவிட்ட நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

இங்கே எதையும் மூடி வைக்க மாட்டார்கள் என்பதை நான் மறந்துவிட்டேன். எழுத்து வேலை உங்களுக்குப் பாரமாக இருக்கும் என்று உங்கள் கணவர் கவலைப்பட்டார், ஆகவே இந்த முறை உங்களைத் தொந்தரவு செய்யவில்லை, அடுத்த வருடம் பார்ப்போம் என்று லின்டா அவளிடமே சொல்லியிருக்கிறார். நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார்.

“வழமையாச் சொல்லுறதைத்தான் சொன்னனான்” என்றேன்.

“ஊரில சொல்லுற மாதிரியோ?”

“ஓம்.”

அவள் அதை ஏற்றுக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். முப்பத்தொரு வருடமாக இப்படி எத்தனையோ ஓம்களை ஏற்றுக்கொண்டவள். அடுப்பைப் பற்றவைக்கப் போன கையை எடுத்துவிட்டுத் திரும்பினாள்.

“ஊரில நீங்கள் என்னத்தைச் சொன்னாலும் சுத்தி நிக்கிற சனத்துக்கு என்னைத் தெரியும். இஞ்ச ஆருக்கு என்னைத் தெரியும்? இஞ்ச நீங்கள் சொல்லுறதுதானே நான்.”

குரலை உயர்த்தவில்லை. பிறகு அடுப்பைப் பற்றவைத்தாள், சோறு வைத்தாள், எனக்குப் போட்டும் தந்தாள். என் சோற்றில் குழம்பை நானே விட்டுக்கொண்டேன்.

இந்த ஊர்க்காரர் தங்கள் துறைமுகத்தைப் பற்றிப் பெருமை பேசும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்களுடையதை நீங்கள் பார்த்ததில்லை என்று சொல்ல வாய் துறுதுறுக்கும். தங்கள் கடல், தங்கள் பிள்ளை, தங்கள் மனைவி என்று எல்லாவற்றையும் கூசாமல் மெச்சிக்கொள்கிறார்களே என்று இரண்டு வருடமாகப் பரிகசித்து வந்தவன், அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தப் பெருமைக்குரிய தண்ணீரின் மேல் போகும்போது ஒரு வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகினேன். றெஜி அன்று தடிமன், மூக்கு ஒழுகுகிறது என்று வீட்டில் நின்றுவிட்டாள். தடிமன் இல்லை என்று எனக்குத் தெரியும். வகுப்பு தொடங்குமுன் லின்டாவிடம் போய், அன்று நான் சொன்னது சரியல்ல என்றேன். என் மனைவி என்னைவிடக் கெட்டிக்காரி, மனிதரோடு கதைக்கத் தெரிந்தவள், எனக்குப் பொறாமை என்றேன். ஆங்கிலத்தில் அது ஆச்சரியமாகச் சுலபமாக வந்தது. அந்த மொழியில் என்னை யாருக்கும் தெரியாது என்பதாலாக இருக்கலாம்.

வேலை கொடுத்தாயிற்று, அந்தப் பையனிடமிருந்து திரும்ப வாங்க முடியாது, அதற்காக வருந்துகிறேன் என்றார் லின்டா. பிறகு, இதை நீங்கள் றெஜினாவிடம் சொன்னீர்களா என்று கேட்டார்.

அன்றைக்கே வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். றெஜி குசினி மேசையில் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். லின்டாவிடம் போனதைச் சொன்னேன், வேலை இனிக் கிடைக்காது என்பதையும் சொன்னேன். வழக்கத்தால் அல்ல, பொறாமையால்தான் அப்படிச் சொன்னேன் என்பதையும் மறைக்கவில்லை. அவள் சீவுவதை நிறுத்தவில்லை. லின்டாவிடம் சொன்ன அந்த ஆங்கில வாக்கியத்தை, சொன்னபடியே, அவளிடம் திருப்பிச் சொன்னேன். கத்தி நின்றது.

“லின்டாவுக்குச் சொன்னது சரி” என்றாள். “எனக்குத் தமிழில சொல்லுங்கோ.”

நான் ஒரு கதிரையை இழுத்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். அவள் நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நிலத்தைப் பார்க்கவில்லை. தமிழில், அவள் முகத்துக்கு நேரே, எனக்கு வந்தது இவ்வளவுதான்:

“நீர் பெரிசாப் படிக்காட்டியும்…”

றெஜி ஈரக் கையைத் தூக்கி என்னை மறித்தாள்.

“அந்தப் பாதியை விட்டுட்டுச் சொல்லுங்கோ.”

நான் வாயைத் திறந்தேன். ஆங்கிலம் தயாராக வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டுத் தமிழுக்காகக் காத்திருந்தேன். அவளும் கத்தியை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.